பம்ப் கம்பெனிக் கடிதத்தில் கைக்குழந்தைகள்

கண்ணு, போன வாரம் நீ அனுப்பிய வேலை விண்ணப்பக் கடிதத்தை மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்துவிட்டேன் என்று போனில் சொன்னேன் அல்லவா? வைக்கவில்லை. அது என் கைப்பையில்தான் இருக்கிறது, குடையின் ஈரம் பட்டு ஓரம் கொஞ்சம் சுருங்கிப்போய். ஏன் வைக்கவில்லை என்று சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உறையை ஒட்டாமல் அனுப்பப்போகிறேன். உன் அறையில் இருக்கும் மற்ற மூன்று பேரும் இதைப் படிக்கட்டும். அந்தக் கடிதத்தை ‘ராசியான லெட்டர்’ என்று சொல்லி அவர்களுக்கும் நீ கொடுத்திருக்கிறாய் என்றும், பெயரை மட்டும் மாற்றி அவர்களும் ஊரெல்லாம் அனுப்பினார்கள் என்றும், நாலு பேரில் ஒருவருக்கும் ஒரு கம்பெனியும் பதில் போடவில்லை என்றும் நீதானே சொன்னாய். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. பெரிய பங்கே இருக்கிறது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை பிரிண்ட் எடுக்க எங்கள் பள்ளி ஆபீசுக்குப் போனேன். ஆபீஸ் மேனேஜரை உனக்குத் தெரியாது. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், வெலிங்டன் பக்கம் வீடு. எல்லோரும் சுபேதார் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். மெஷினிலிருந்து எந்தத் தாள் வெளியே வந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கொடுப்பார். உன் கடிதத்தையும் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி அதே இடத்தைப் படித்தார்.

“ஏனுங்க மேடம், தம்பி என்ன படிச்சிருக்குதுங்க?”

“மெக்கானிக்கல் இன்ஜினியரிங்ங்க. கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனிக்கு எழுதிப் போடறான்.”

“வயசு?”

“இருபத்திமூணு.”

“இருபத்திரெண்டு வருசம் அனுபவம்னு போட்டிருக்குதே. ஒரு வயசுலயே டியூட்டில சேந்துருச்சுங்களா?” என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதுகூடப் பரவாயில்லீங்க. அஞ்சு வயசுக்கு உட்பட்ட கைக்குழந்தைகளைக் கையாளறதுல தனித்திறமை உண்டுன்னு இருக்குது. பம்ப் கம்பெனியில கைக்குழந்தைக்கு என்னங்க வேலை?”

கண்ணு, அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். எனக்குத்தான் காதெல்லாம் சூடாகிவிட்டது. அது என் கடிதம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்காக நீ எழுதிக் கொடுத்தது. என் பெயர் இருந்த இடத்தில் உன் பெயர், காப்பகம் என்று இருந்த இடத்தில் பம்ப். அந்த ஒரு வரியையும் என் அனுபவத்தையும் மட்டும் மாற்ற மறந்துவிட்டாய். இத்தனை நாளாக எத்தனை கம்பெனியில் எத்தனை பேர் அந்த வரியைப் படித்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்களோ தெரியவில்லை. நல்லவேளை, பம்ப் கம்பெனிக்கு நீ இன்னும் அனுப்பவில்லை. மாதக் கடைசி வரை நாள் இருக்கிறது.

அந்தக் கடிதத்தை நீ இவ்வளவு நம்புவதற்குக் காரணம் நான். “என் லெட்டரால தானம்மா உனக்கு வேலை கிடைச்சுது?” என்று நீ கேட்டபோது, “ஆமா சாமி” என்றேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன்.

எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்தபோது நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். நான் அங்கே ஆயாவாகச் சேர்ந்தபோது முப்பது பிள்ளைகள் இருந்தன. மூடும்போது நாலு. நாலும் வடக்கேயிருந்து தேயிலை பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள். இனிமேல் பாக்டரியில் தூள் சலிக்கும் இடத்துக்கு வா என்றார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. என் முழங்கால் பற்றி உனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் அப்பா லாரியோடு குன்னூர் மார்க்கெட்டுக்குப் போனவர், பேக்கரிச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீசைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். உறைவிடப் பள்ளியில் சின்னப் பையன்கள் விடுதிக்கு மேட்ரன் தேவை, விண்ணப்பத்தோடு தங்களைப் பற்றி ஒரு கடிதமும் கொண்டுவரவும் என்று இருந்தது. உடனே உனக்குப் போன் செய்தேன். நீ என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். “எத்தனை வருசம்மா வேலை பாத்திருக்க?” சொன்னேன். இருபது நிமிஷத்தில் ரெண்டு பக்கம் இங்கிலீஷ் வந்தது. “அம்மா, இதைப் படிச்சா அவங்க எந்திரிச்சு நிப்பாங்க” என்றாய்.

நோட்டீசை நீ கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை. எத்தனை அழகாக அச்சடித்த மாதிரி இருந்தது தெரியுமா! எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லோரிடமும் காட்டினேன். யாருக்கும் படிக்கத் தெரியவில்லை என்றாலும் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். என்னைப் பற்றிய கடிதத்தை, என்னால் ஒரு வரி படிக்க முடியாத கடிதத்தை, பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நான் செய்த முதல் தப்பு அது.

பள்ளி ஆபீசில் ஒரு கிளார்க் பெண் கடிதத்தை வாங்கிப் படித்தாள். என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். மறுபடி கடிதத்தைப் பார்த்தாள். “நீங்க அந்த இடது பக்க பெஞ்சுல உக்காருங்க மேடம்” என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். என் வாழ்க்கையில் என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வலது பக்க பெஞ்சில் ஸ்வெட்டரும் தலையில் துணியுமாக ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். இடது பக்கம் எல்லாம் டை கட்டிய ஆண்கள். நான் டை கட்டியவர்களுக்கு நடுவில் குடையோடு உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் முறுக்கு மீசையும் கனமான பைலுமாக ஒருத்தர். அவர்தான் சுபேதார் ஐயா. அன்றைக்கு அவரும் வேலை தேடி வந்தவர்தான்.

வலது பக்கப் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே ஏதாவது கேட்டால் என்ன சொல்வது? கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று கடிதத்தைச் சுபேதார் ஐயாவிடமே நீட்டினேன். அவர் படிக்கப் படிக்க நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மேடம், நீங்க பெரிய ஆளுங்களா இருக்கீங்க. பல தரப்பட்ட ஸ்டேக்ஹோல்டர்களைத் தலைமை தாங்கி நடத்தியிருக்கீங்கன்னு போட்டிருக்குது.”

“அப்படின்னா யாருங்க?”

“ஸ்டேக்ஹோல்டர்னா... சம்பந்தப்பட்டவங்க.”

“எனக்கு இன்னும் சம்பந்தியே வரலீங்க. பையனுக்கு இனிமேத்தான் கல்யாணம் பண்ணணும்.”

அவர் மீசையைத் தடவிக்கொண்டு மேலே படித்தார். “தினசரி உற்பத்தித் திறனை உயர்த்தும் ஓய்வு நேர மேலாண்மைன்னு இருக்குதே, அது என்னங்க?”

கொஞ்ச நேரம் யோசித்தேன். “மத்தியானம் தூங்க வெக்கறதுங்க.”

“யாரை? ஸ்டாஃபையா?”

“பிள்ளைகளைங்க. நான் எஸ்டேட் காப்பகத்துல ஆயா.”

அப்போதுதான் அவர் எனக்கு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெஞ்சு ஆபீஸ் மேனேஜர் வேலைக்கு வந்தவர்களுக்கானது. மேட்ரன் வேலைக்கு வந்தவர்கள் வலது பக்கம். நான் எழுந்து மாறி உட்காருவதற்குள் உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிரின்சிபல் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உன் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கிப் படித்தார். “உங்க டீமுக்குள்ள சண்டை வந்தா எப்படிச் சமாளிப்பீங்க?” என்று முதல் கேள்வி கேட்டார். டீம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், கிரிக்கெட் பார்க்கிறோமே. என் டீம் யார் என்று யோசித்தேன். “ரெண்டு பேரையும் தனித்தனிப் பாயில படுக்க வெச்சிருவேனுங்க. அஞ்சு நிமிசத்துல தூங்கிருவாங்க” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் உண்மையைச் சொன்னேன். தப்பான பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், எனக்கு வேண்டியது மேட்ரன் வேலை, கடிதம் என் மகன் எழுதியது, எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் சிரித்தார். பிறகு கடிதத்தை மறுபடி எடுத்துப் புரட்டினார். “இந்த ரெண்டு பக்கத்துல குழந்தைங்கற வார்த்தை ஒரே ஒரு இடத்துலதாம்மா வருது. உங்க பையன் அந்தக் காப்பகத்தைப் பாத்ததே இல்லையா?”

“அங்கேயேதானுங்க வளந்தான்” என்றேன்.

நீ தவழ்ந்ததும், முதல் தடவை நடந்ததும், சுவரில் கரிக்கட்டையால் பஸ் வரைந்ததும் அந்தக் காப்பகத்தில்தான். உன் கடிதத்தில் அதெல்லாம் ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இங்கிலீஷில் பெரிதாக எழுதினால்தான் என்னைப் பெரிதாக நினைப்பார்கள் என்று நானும் நம்பித்தானே எடுத்துக்கொண்டு போனேன்? பிரின்சிபல் அம்மா கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “மூணு மணி வரைக்கும் நான் இருப்பேன். நீங்களே எழுதிக் கொண்டாங்க. தமிழ்லயே எழுதுங்க. வேலை உங்களுக்குன்னு சொல்லலை. படிச்சுப் பாக்கறேன், அவ்வளவுதான்.”

பள்ளி வாசலுக்கு எதிரே பஸ் நிழற்குடையில் போய் உட்கார்ந்தேன். வெளியே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத அளவு பனிமூட்டம். பேனா சுபேதார் ஐயா கொடுத்தது. தாள் வாங்கக் கடை எதுவும் இல்லை. அதனால் உன் கடிதத்தையே திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் எழுதினேன். அப்பாவுக்குப் போன் செய்து என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, “நம்ம கஷ்டத்தையெல்லாம் போடு புள்ள. உன்ற முழங்காலு, என்ற சுகர், வீடு ஒழுகறது, எல்லாத்தையும் போடு. அவங்க மனசு கரையணும்” என்றார். நானும் ஐயா அம்மா என்று ஆரம்பித்து, தாங்கள் பெரிய மனது வைத்து, ஏழைக் குடும்பம், கைவிடாமல் என்று அரைப்பக்கம் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் எனக்கே என் மேல் பரிதாபம் வந்துவிட்டது. ஆனால் இதைப் படிக்கிற அம்மா, தன் பள்ளிப் பிள்ளைகளை இவ்வளவு அழுகிற ஒருத்தி கையில் கொடுப்பாரா? முழங்கால் வேறு சரியில்லை என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். அப்படியே அடித்துவிட்டேன்.

அடுத்து காட்டெருமைக் கதையை எழுத ஆரம்பித்தேன். காப்பக வாசலில் காட்டெருமை ரெண்டு மணி நேரம் நின்றபோது ஒன்பது பிள்ளைகளைப் பொரி கொடுத்துச் சத்தமில்லாமல் உட்கார வைத்தேனே, அது. எனக்கு மிகவும் பிடித்த கதை. நன்றாகத்தான் வந்தது. பாதியில், நோட்டீசில் காட்டெருமை பற்றி ஏதாவது கேட்டிருக்கிறார்களா என்று ஒரு சந்தேகம் வந்தது. போனை எடுத்து, அப்பா பிடித்த படத்தைப் பெரிதாக்கி, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை முழுசாகப் படித்தேன். விடுதியிலேயே தங்க வேண்டும். முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் இந்தி தெரிந்தால் நல்லது. இரவில் வீட்டை நினைத்து அழுகிற, படுக்கையை நனைக்கிற குழந்தைகளிடம் பொறுமை வேண்டும். அவர்கள் கேட்டது இந்த நாலுதான். காட்டெருமையையும் அடித்துவிட்டேன். மனசு கேட்கவே இல்லை, ஆனாலும் அடித்தேன்.

பிறகு மீதமிருந்த இடத்தில் அவர்கள் கேட்டதற்குப் பதில் எழுதினேன். தங்குவேன், என் வீட்டுக்காரருக்குச் சோறு வைக்கத் தெரியும் என்று எழுதினேன். (அன்றைக்கு அது பொய். அதற்கப்புறம் அப்பா கற்றுக்கொண்டார்.) காயத்துக்கு மருந்து போடத் தெரியும், மூக்குக்குள் போன பட்டாணியை எடுத்திருக்கிறேன், ஆனால் ஊசி போடத் தெரியாது என்று எழுதினேன். இந்தியில் நாலு விஷயம் சொல்லத் தெரியும்: தண்ணீர் வேண்டுமா, எங்கே வலிக்கிறது, தூங்கு, அம்மா வந்துவிடுவாள். இரவு வேலை பார்த்து எனக்குப் பழக்கமில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினேன். அதற்கடுத்து ஒரு பத்தி எழுதினேன். கண்ணு, அந்த இடம் இப்போது வரப்போகிறது. உன் நண்பர்கள் மூன்று பேரையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்.

‘என் மகன் மூன்றாம் வகுப்பு வரை படுக்கையை நனைத்தான். அவனை ஒருநாளும் கேட்டதில்லை. அவன் எழுவதற்குள் நானே ஒரு செம்புத் தண்ணீரைப் பாயில் ஊற்றிவிட்டு, ஐயோ கை தவறிக் கொட்டிவிட்டேன் என்று சொல்லிவிடுவேன். இப்போது அவன் இன்ஜினியரிங் படிக்கிறான்.’

இவ்வளவுதான் எழுதினேன். தண்ணீர் கொட்டுகிற அம்மா என்று நீ இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறாய். செய்துகொள். ஆனால் இனிமேல் காரணம் தெரிந்து செய்.

மூணு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரின்சிபல் அம்மா நின்றுகொண்டே படித்தார். அடித்த இடங்களையும் விடாமல் படித்தார். “காட்டெருமை அப்புறம் என்ன பண்ணுச்சு?” என்று கேட்டார். “போயிருச்சுங்க” என்றேன். தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, “எப்பம்மா வர முடியும்? மூணு மாசம் பாத்துட்டு நிரந்தரம் பண்ணுவோம்” என்றார். அந்த செம்புத் தண்ணீர்ப் பத்திதான் அவரை முடிவெடுக்க வைத்தது என்று ரொம்ப நாள் கழித்து அவரே சொன்னார். சுபேதார் ஐயாவுக்கும் மேனேஜர் வேலை கிடைத்தது. தினமும் சாயந்திரம் விடுதியைத் தாண்டிப் போகும்போது, “மேடம், ஸ்டேக்ஹோல்டருங்க எல்லாம் ஹோம்வொர்க் முடிச்சாச்சுங்களா?” என்று கேட்காமல் போகமாட்டார்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது நீ போன் செய்தாய். நான் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னதும், “பாத்தியாம்மா! சொன்னனில்ல, என் லெட்டர்!” என்று கத்தினாய். உன் ஹாஸ்டல் பையன்கள் கை தட்டுவதுகூடக் கேட்டது. அந்த வாரம்தான் காலேஜுக்கு வந்த ரெண்டு கம்பெனியும் உன்னை எடுக்கவில்லை. நீ சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று அப்பா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டபின் நான் என்ன சொல்ல? உன் கடிதத்தின் முன்பக்கம் என்னைத் தப்பான பெஞ்சில் உட்கார வைத்தது, பின்பக்கம் வேலை வாங்கித் தந்தது, அதுவும் நீ பாயை நனைத்த கதையால் என்று சொல்லவா? “ஆமா சாமி, உன்னாலதான்” என்றேன். ஒருவிதத்தில் அது உண்மை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்த ஆமாவை நம்பி நீ ரெண்டு வருஷம் நடந்துவிட்டாய். அதற்கு என்னை மன்னித்துவிடு.

உன் பழைய கடிதத்தைத் தூக்கிப் போடு என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டால் போதாது, புதிதாக ஒன்று எழுதியே காட்டிவிடலாம் என்று நினைத்தேன். நேற்று மத்தியானம் பையன்கள் வகுப்பில் இருந்தபோது, விடுதி வராந்தாவில் உட்கார்ந்து, பம்ப் கம்பெனி ஐயா அவர்களுக்கு, என் மகனைப் பற்றி, என்று தொடங்கினேன். நன்றாகச் சைக்கிள் ஓட்டுவான் என்று எழுதினேன். கத்தரிக்காய் சாப்பிடமாட்டான், மற்றபடி பிடிவாதம் இல்லை. பழைய ரேடியோவைப் பிரித்தான், சேர்க்கவில்லை. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. எழுதியதையெல்லாம் பார்த்தால் பன்னிரண்டு வயசுப் பையனைப் பற்றியே இருந்தது. நீ கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போனதற்கப்புறம் நான் உன்னைச் சாப்பிட்டியா, குளிருக்குப் போர்த்திக்கிட்டியா, எப்ப வர்றே என்ற மூன்று கேள்விக்கு மேல் கேட்டதில்லை. நாலு வருஷம் நீ என்ன படித்தாய் என்று எனக்குத் தெரியாது. கடைசி வருஷம் தண்ணீர் ஏற்றுகிற ஏதோ ஒரு மெஷின் செய்தோம் என்று போட்டோ அனுப்பினாய். நான் போட்டோவில் நீ இளைத்திருக்கிறாய் என்று மட்டும் பதில் போட்டேன். அந்த மெஷின் எப்படி வேலை செய்யும் என்று கேட்கத் தோன்றவில்லை. நீ என் வேலையைப் பற்றி எழுதிய அதே மாதிரிதான் நானும் உன்னைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், கண்ணு. என்ன, என்னுடையது தமிழில் இருந்தது.

அதனால் நான் எழுதவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. காலை பஸ்ஸுக்கு வந்துவிடு. அப்பா சோறு வைப்பார், குழைந்துதான் இருக்கும், ஒன்றும் சொல்லாதே. பம்ப் கம்பெனி விளம்பரத்தை எடுத்துக்கொண்டு வா, அதில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று முதலில் ரெண்டு பேரும் படிப்போம். அப்புறம் அந்த போட்டோவில் இருந்த மெஷினைப் பற்றிச் சொல். கீழே கிடக்கிற தண்ணீர், குழாய் வழியாக எப்படி மேட்டுக்கு ஏறுகிறது, அதில் உன் கை வேலை எது, எந்த இடத்தில் அது ஓடாமல் நின்றது, நீ என்ன செய்தாய் என்று சொல். நான் பத்தாம் வகுப்பு. சட்டென்று விளங்காது, நிறையக் கேள்வி கேட்பேன், கோபப்படாதே. எந்த இடத்தில் எனக்கு விளங்குகிறதோ, அந்த இடத்திலிருந்து உன் கடிதத்தைத் தொடங்கு.